வானத்துக்கும் ஒரு வரவு செலவு நோட்டு

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே, சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறோம்.)



வழக்கமா இந்த நேரத்துல நாங்க எழுந்தா, தவணை பாக்கி, தணிக்கை, தீர்மான நோட்டு இதைப் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்குப் புகையைப் பத்திப் பேசப் போறோம். "புகையைப் பத்திப் பேச என்ன இருக்கு, அதுலயேதானே நிக்கிறோம்"னு நீங்க சிரிக்கலாம். ஆனா இதைப் பேச வச்சதே உங்கள்ல ஒரு குழுதான்.

போன சித்திரை மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். மாடியில் வேட்டி விரித்து வடாம் பிழிந்து வைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தால், வெள்ளை வடாம் மேலே கருப்புக் கருப்பாகத் தூள். பக்கத்து அரிசி ஆலையின் புகைக்கூண்டிலிருந்து வந்த உமிச் சாம்பல். அதைப் பொறுக்கிக்கொண்டே ஒரு அக்கா கேட்டார்: "டிவியில என்னவோ சொல்றாங்க, நம்ம விறகடுப்புப் புகைதான் மழையைக் கெடுக்குதாம். இந்த ஆலைக்காரன விட்டுட்டு எங்க அடுப்பயா கணக்குப் பாக்குறாங்க?"

அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. படித்த படிப்பில் இது வரவில்லை. திரும்பி வந்து தேடிப் படித்தோம், தெரிந்தவர்களைக் கேட்டோம். அந்த அக்காவின் கேள்விக்குப் பதில்தான் இந்த உரை.

கண்ணுக்குத் தெரியாத தூள்

முதலில் ஒன்று. வடாம் மேல் விழுகிற தூள் பெரிய தூள். கனமாக இருப்பதால் பக்கத்திலேயே விழுந்துவிடும். நாம் பேசப் போவது விழாத தூளைப் பற்றி. தலைமுடியின் கனத்தை முப்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, அந்த அளவும் அதைவிடச் சின்னதும். ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் சேரும்போதுதான் வானம் பழுப்பாக, மங்கலாகத் தெரியும். மார்கழிக் காலையில் வெயில் ஏறின பிறகும் தூரத்து மலை கலங்கித் தெரிகிறதே, அதில் பனி பாதி என்றால் இந்தத் தூள் பாதி.

இந்தத் தூளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று கருப்பு. விளக்குச் சுடர் மேலே தட்டைக் காட்டினால் படியுமே, அந்தக் காலத்தில் கண்மைக்கு எடுப்போமே, அதே கரிதான். விறகு, சாணி வரட்டி, வைக்கோல், டீசல், நிலக்கரி எதுவானாலும் சரியாக எரியாமல் புகைந்தால் இது வரும். இன்னொன்று வெள்ளை. நிலக்கரியிலும் எண்ணெயிலும் கந்தகம் இருக்கிறது. எரியும்போது அது வாயுவாகப் போய், காற்றிலேயே மாறி, வெளிர் நிறத் தூளாகிறது. அனல் மின் நிலையம், பெரிய ஆலை, கப்பல் இவற்றின் புகையில் இது அதிகம்.

கருப்பும் வெள்ளையும் செய்கிற வேலை வேறு வேறு. வெயிலில் கருப்புச் சேலை கட்டிப் போனால் காந்துகிறது, வெள்ளைச் சேலை கட்டிப் போனால் அவ்வளவு தெரியாது. அதேதான். வெள்ளைத் தூள் வெயிலைத் திருப்பி மேலேயே அனுப்பிவிடும். கருப்புத் தூள் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கிற காற்றைச் சூடாக்கும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது தானாகப் புரியும்.

கடலுக்கு மேலே ஒரு புகைப் பந்தல்

இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர். பெயர் வீரபத்ரன் ராமநாதன். 1944ல் பிறந்தார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்து 1965ல் பட்டம் பெற்றார். பிறகு செகந்திராபாத்தில் ஃப்ரிட்ஜ் செய்யும் கம்பெனியில் வேலை. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் வாயு ஏன் கசிகிறது என்று பார்க்கிற வேலை. பிறகு அமெரிக்கா போய் விஞ்ஞானியானார். அந்த ஃப்ரிட்ஜ் வாயு பூமியைப் பயங்கரமாகச் சூடாக்கும் என்று 1975ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர்தான். எந்த வேலையும் வீண் போகாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

1990களில் அவரும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து இந்துமாக்கடலில் ஒரு பெரிய ஆய்வுக்குத் திட்டமிட்டார்கள். இந்தியத் தரப்பில் ஏ. பி. மித்ரா தலைமை ஏற்றார். ஏன் இந்துமாக்கடல்? ஐப்பசிக்குப் பிறகு நமக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இன்னும் கிழக்கே இருக்கிற நாடுகள் இவற்றின் புகையையெல்லாம் வாரிக்கொண்டு கடல் மேலே போகும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் சுத்தமான கடல் காற்று. ஒரே கடலில் ஒரு பக்கம் அழுக்குக் காற்று, ஒரு பக்கம் சுத்தக் காற்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை அந்த ஆய்வு நடந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள். விமானங்கள், செயற்கைக்கோள், நம் நாட்டின் சாகர் கன்யா உட்பட ஆய்வுக் கப்பல்கள், மாலத்தீவில் காஷிதூ என்ற சின்னத் தீவில் ஒரு அளவு நிலையம். கடல் நடுவில், ஆலையும் இல்லை, பெரிய ரோடும் இல்லை. அங்கே காற்று சுத்தமாகத்தானே இருக்கணும்?

இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் பழுப்புப் புகை மூட்டம். பரப்பளவு சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவைப் போல மூன்று மடங்கு. அவ்வளவு பெரிய புகைப் பந்தலை யாரோ கடலுக்கு மேலே போட்ட மாதிரி. பிடித்துப் பார்த்ததில் கந்தகத் தூள், கரி, சாம்பல், புழுதி எல்லாம் கலந்திருந்தது. அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் மனிதர் செய்கிற வேலையால் வந்தது.

எப்படி அளந்தார்கள்?

"காத்துல இருக்கிறத எப்படிங்க அளப்பாங்க?" நியாயமான கேள்வி. ரொம்ப எளிமையான வழிகளும் இருக்கிறது. மோட்டார் வைத்துக் காற்றை வெள்ளை வடிதாள் வழியாக இழுப்பார்கள். தாள் எவ்வளவு கருக்கிறது, எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். பனியன் துணியில் எண்ணெய் வடிகட்டினால் அடியில் கசடு நிற்கிற மாதிரி. இன்னொரு கருவி சூரியனை நேராகப் பார்த்து, வர வேண்டிய வெளிச்சத்தில் எவ்வளவு குறைகிறது என்று சொல்லும்.

நம்ம குழு நோட்டுல வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், கையிருப்பு கடைசியில். விஞ்ஞானிகள் வானத்துக்கும் அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டார்கள். சூரியன் கொடுத்தது இவ்வளவு. தூள் திருப்பி அனுப்பியது இவ்வளவு. தூளே வாங்கி வைத்துக்கொண்டது இவ்வளவு. கடைசியில் கடலுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவு. கணக்கை முடித்துப் பார்த்தபோது, புகை மூட்டத்துக்கு அடியில் கடலுக்கு வர வேண்டிய வெயிலில் ஏறக்குறைய 10 சதவீதம் வந்து சேரவில்லை. நூறு ரூபாய் வசூலில் பத்து ரூபாய் வழியிலேயே போய்விட்டது என்றால் நாம் சும்மா இருப்போமா?

அந்தப் பத்து எங்கே போனது என்று 2006 மார்ச்சில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். மாலத்தீவில் ஹனிமாதூ என்ற தீவிலிருந்து ஆள் இல்லாத மூன்று சின்ன விமானங்களைப் பறக்கவிட்டார்கள். ஒன்று புகைக்கும் மேகத்துக்கும் மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே. மூன்றும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. மேலே இருப்பது வரவைச் சொல்லும், கீழே இருப்பது மிச்சத்தைச் சொல்லும், வித்தியாசம் நடுவில் தங்கியது. இப்படி 18 முறை பறந்தார்கள். முடிவு 2007ல் வந்தது: வெயிலால் கீழ் வானத்துக் காற்று வாங்குகிற சூட்டை இந்தப் பழுப்பு மூட்டம் சுமார் 50 சதவீதம் கூட்டிவிடுகிறது. கீழே தரையும் கடலும் மங்கல், மேலே காற்று சூடு. அடுப்புச் சூடு பானைக்குப் போகாமல் சமையற்கட்டிலேயே நிற்கிற மாதிரி.

மழைக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நமக்கு வேண்டியது இதுதான். வெயில் கடலுக்குக் குறைந்தால் கடல் நீர் ஆவியாவது குறையும். தென்மேற்குப் பருவமழை வருவதற்குக் காரணமே நிலம் அதிகமாகவும் கடல் குறைவாகவும் சூடாவதுதான். மூட்டம் வந்து இந்த வித்தியாசத்தைக் குறைத்தால் பருவக்காற்றின் இழுவை குறையும். 1950க்குப் பிறகு ஐம்பது வருடத்தில் தெற்காசியாவின் கோடைகாலப் பருவமழை வலு குறைந்ததற்கு மனிதர்கள் உண்டாக்கிய இந்தத் தூள் முக்கியக் காரணம் என்று 2011ல் வந்த ஆய்வு சொன்னது. ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவும் 2021 அறிக்கையில் இதை ஏற்றுக்கொண்டது.

மேகத்துக்குள்ளேயும் ஒரு வேலை நடக்கிறது. மேகத்தில் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு தூளைப் பிடித்துக்கொண்டுதான் உண்டாகும். தூளே இல்லாவிட்டால் மேகமும் இல்லை. ஆனால் தூள் மிதமிஞ்சிப் போனால்? ஒரு படி மாவை முப்பது இட்லியாக ஊற்றினால் நல்ல கனமாக வரும். அதே மாவை நூறாக ஊற்றினால் வாயில் வைத்தால் தெரியாது. மேகத்திலும் அதேதான். இருக்கிற ஈரத்தை அத்தனை தூளும் பங்கு போட்டுக்கொண்டால் துளி சின்னதாகிவிடும். சின்னத் துளி கனமில்லாமல் மிதக்கும், மழையாக விழத் தாமதமாகும். அதற்காக எல்லா இடத்திலும் எல்லா மழையும் இதனால்தான் நின்றது என்று சொல்லக் கூடாது. மழைக்கு ஆயிரம் காரணம். அதில் இதுவும் ஒன்று, பெரிய ஒன்று.

நெல்லைப் பற்றியும் பார்த்திருக்கிறார்கள். நெல் விளையும் ஒன்பது மாநிலங்களின் கணக்கை எடுத்து 2006ல் ஒரு ஆய்வு வந்தது. ராமநாதனும் அதில் ஒருவர். பசுமைப் புரட்சிக்குப் பிறகு மளமளவென்று ஏறிய நெல் விளைச்சல் 1980களுக்குப் பிறகு ஏன் மெதுவானது? விலை, நிலம், தண்ணீர் என்று பல காரணம் உண்டு. அவற்றோடு பழுப்பு மூட்டமும் பூமிச் சூடும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்தன என்று அந்தக் கணக்கு காட்டியது. நாற்று நட்டுக் களை பறிக்கிற கைகள் நம் கைகள். அதனால் அந்த நஷ்டம் யாருக்கோ இல்லை, நமக்குத்தான்.

"அப்போ புகை நல்லதுதானே?"

இந்த விஷயத்தை ஒரு பயிற்சியில் சொன்னபோது ஒரு பொண்ணு எழுந்து கேட்டது. "வெயிலைத் தடுக்குதுன்னா பூமி குளிருமே, அப்போ புகை நல்லதுதானே?"

புத்திசாலிப் பொண்ணு. விஞ்ஞானிகளே மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி அது. உண்மைதான், வெள்ளைத் தூள் பூமியைக் கொஞ்சம் குளிர வைக்கிறது. 1991ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ என்ற எரிமலை வெடித்து, கந்தகத்தை மேல் வானத்துக்கு அனுப்பியது. அடுத்த ஒன்றிரண்டு வருடம் உலகமே சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. ஆலைப் புகையும் அப்படி ஓரளவு சூட்டை மறைக்கிறது. 2021 அறிக்கைப்படி, மனிதர்கள் விட்ட வாயுக்களால் ஒன்றரை டிகிரி அளவுக்குச் சூடு ஏறியிருக்க வேண்டும். தூள் மறைத்ததால் நமக்குத் தெரிந்தது 1.1 டிகிரிதான்.

இதை இப்படிப் பாருங்க. ஒரு வீட்டுல கடன் மேல கடன். வீட்டுக்காரர் ஒரு இடத்துல வாங்கி இன்னொரு இடத்துல கட்டி, வெளியே தெரியாம மூடி வச்சிருக்கார். கடன் குறைஞ்சுதா? இல்லை, மறைஞ்சுது. கரியமில வாயு அந்தக் கடன். ஒருமுறை மேலே போனால் அதில் ஒரு பகுதி நூற்றுக்கணக்கான வருடம் இருக்கும். தூள் அந்த மூடி. மூடியையும் எடுக்கணும், ஏனென்றால் அது நம் நுரையீரலில் இறங்குகிறது, மழையைக் கெடுக்கிறது. கடனையும் குறைக்கணும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

ஆனா கரி விஷயத்துல இந்தக் குழப்பம் குறைவு. கரி சூட்டைக் கூட்டுகிற தூள். இமயமலைப் பனி மேல் படிந்தால் பனியையும் சீக்கிரம் உருக்கும். அதைக் குறைத்தால் வானத்துக்கும் லாபம், நெஞ்சுக்கும் லாபம்.

யார் வீட்டுப் புகை?

இப்போ அந்த வடாம் அக்காவின் கேள்விக்கு வருவோம்.

2002ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இந்த ஆய்வை வைத்து ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் "ஆசியப் பழுப்பு மேகம்" என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. புகை உலகம் பூராவும் இருக்கும்போது ஆசியா மேல மட்டும் ஏன் பழி? இத்தனை காலம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து முன்னேறிய நாடுகள் தப்பித்துக்கொண்டு ஏழையின் அடுப்பைக் காட்டுவதா என்று கேட்டார்கள். பிறகு பெயரை "வளிமண்டலப் பழுப்பு மேகம்" என்று மாற்றினார்கள். நம்ம அக்கா கேட்டதும் அதே கேள்விதான்.

பழி சொல்வதற்குக் கணக்கு வேண்டும். அதற்கு விஞ்ஞானிகள் ஒரு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற மரம், புல், மாட்டுச் சாணம் எல்லாவற்றிலும் ஒரு தனி வகைக் கரிமம் இருக்கிறது. அதற்கு ஒரு வயதுக் குறி உண்டு. செத்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக அழியும், பாதி அழியவே 5,700 வருடம் ஆகும். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தவை. அதில் அந்தக் குறி துளிகூட இருக்காது. ஆகவே காற்றில் பிடித்த கரியை எடுத்து அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்தால், இது விறகுக் கரியா, டீசல் கரியா என்று பிரித்துவிடலாம். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பது போல, புகைக்கும் அடையாளம் இருக்கிறது.

மாலத்தீவின் ஹனிமாதூவிலும், மகாராஷ்டிராவில் புனே பக்கம் சிங்ககட் மலையிலும் பிடித்த தூளை இப்படிச் சோதித்து 2009ல் முடிவு சொன்னார்கள். கரித்தூளில், அளக்கும் முறையைப் பொறுத்து, ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணி, பயிர்த்தாள் மாதிரி பொருள்களை எரித்ததால் வந்தது. மிச்சம் நிலக்கரி, டீசல், பெட்ரோல்.

ஒளிக்காமல் சொல்லணும்னா, அடுப்புக்கும் வயலில் வைக்கிற தீக்கும் இதில் பங்கு இருக்கிறது. சின்னப் பங்கு இல்லை.

ஆனா நோட்டின் அடுத்த பக்கத்தையும் திருப்பணும். இது கருப்புத் தூளின் கணக்கு மட்டும். மூட்டத்தில் பெரிய பங்கான கந்தகத் தூள் நம் அடுப்பிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வருவது. அனல் மின் நிலையங்கள் கந்தகப் புகையைப் பிடிக்கும் கருவி வைக்கணும் என்று 2015லேயே விதி வந்தது. கெடு பலமுறை தள்ளிப் போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று: நூறு வருஷமாகச் சேர்ந்து நிற்கிற கரியமில வாயுக் கடனில், விறகு பொறுக்கி அடுப்பெரிக்கிற பெண்ணின் பங்கு மிக மிகச் சின்னது.

அதைவிட முக்கியம். அந்தக் கரிப் புகை வானத்துக்குப் போகிறதுக்கு முன்னாடி முதலில் எங்கே போகிறது? அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் நெஞ்சுக்குள். மடியில் இருக்கிற பிள்ளையின் நெஞ்சுக்குள். வீட்டுப் புகையால் 2020ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 2 லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அதனால் அடுப்பூதுகிற பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அந்தப் புகையில் முதலில் பாதிக்கப்படுகிறவள் அவள்தான்.

எங்கள் பதில் இதுதான்: ஆலைக்காரர் நம் அடுப்பைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. நாமும் ஆலையைக் காட்டிக்கொண்டு நம் அடுப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவரவர் பக்கம் அவரவர் பெயரில் எழுதப்படட்டும்.

ஒரு வாரத்தில் தெரியும் பலன்

இவ்வளவு சொன்னோம், ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கரியமில வாயு போல இந்தத் தூள் தலைமுறை தலைமுறையாக நிற்பதில்லை. ஒரு வாரம், பத்து நாள். பிறகு மழையில் கரைந்தோ தானாகவோ கீழே விழுந்துவிடும். வானம் மங்கலாகவே இருக்கிறது என்றால், தினமும் நாம் புதிதாகப் போடுகிறோம் என்று அர்த்தம். நிறுத்தினால் தெளியும்.

நம் கண் முன்னாலேயே இது நடந்தது. 2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தது. ஆலை நின்றது, லாரி நின்றது. அடுத்த பத்துப் பதினைந்து நாளில் பஞ்சாபில் ஜலந்தர் நகரத்து மக்கள் மாடியில் ஏறிப் பார்த்தால், தூரத்தில் இமயமலைத் தொடரின் பனிச் சிகரங்கள். அதுவரை அங்கிருந்து அதைப் பார்த்தே இராத இளவட்டங்கள் போட்டோ எடுத்தார்கள். அந்த ஊரடங்கு நமக்கு எத்தனை பசியையும் கடனையும் கொடுத்தது என்று நமக்குத் தெரியும். அப்படி நிறுத்தணும் என்று யாரும் சொல்லவில்லை. புகை நின்றால் வானம் எவ்வளவு சீக்கிரம் தெளியும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

பெண்கள் கையில் காசு வந்த ஒரு முயற்சி

ராமநாதன் அளந்ததோடு நிற்கவில்லை. சின்ன வயதில் அவருடைய பாட்டி விறகடுப்பில் சமைத்து இருமியதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2009ல் "சூர்யா" என்ற பெயரில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் வேலையைத் தொடங்கினார். புகை குறைந்த அடுப்பு கொடுத்து, வீட்டுக்குள் வடிதாள் வைத்து, அது எவ்வளவு கருக்கிறது என்று செல்போன் கேமராவில் படம் எடுத்தே கணக்குப் பார்த்தார்கள்.

பிறகு ஒடிசாவில் ஏறக்குறைய 4,000 வீடுகளில் இன்னொரு முயற்சி. பெண்கள் கடன் வாங்கி மேம்பட்ட அடுப்பு வாங்கினார்கள். அடுப்பில் ஒரு சின்னக் கருவி. எவ்வளவு நேரம் அந்த அடுப்பு எரிந்தது என்று அது தானாகக் கணக்கு அனுப்பும். அதற்கேற்ப, வானத்துக்குச் செய்த நன்மைக்குக் கூலியாகப் பணம் பெண்களின் கைக்கே போகும். வானத்தைச் சுத்தம் செய்வதும் ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று சொன்னது அந்த முயற்சி. எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. புது அடுப்பு பழுதாகும், பழைய அடுப்புக்கே திரும்புவார்கள். அடுப்பு கொடுத்தால் போதாது, ரிப்பேர் பார்க்க ஆள், தொடர்ந்து வாங்கக் காசு எல்லாம் வேண்டும். கேஸ் விஷயத்திலும் இதைத்தானே பார்க்கிறோம்? 2016ல் வந்த உஜ்வாலா திட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இணைப்பு வந்தது. இணைப்பு வந்தும், அடுத்த சிலிண்டருக்குப் பணம் இல்லாமல் விறகுக்குத் திரும்பிய வீடு நம் குழுக்களிலேயே இருக்கிறது. அது அந்தப் பெண்ணின் சோம்பல் இல்லை. கையிருப்புக் கணக்கு.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

அதனால் அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் கேஸ், எத்தனை வீட்டில் விறகு, எத்தனை வீட்டில் இரண்டும்? வருடத்துக்கு எத்தனை சிலிண்டர்? எழுதி வையுங்கள். எழுதாத கணக்கு யார் காதிலும் ஏறாது.

2. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் உள்கடன் கொடுக்கிறோம். சிலிண்டருக்குச் சின்னக் கடன், பிரஷர் குக்கருக்குச் சின்னக் கடன் கொடுக்கலாமா?

3. விறகுதான் எரிக்க முடியும் என்கிற வீட்டில், காய்ந்த விறகா? புகை போக வழி இருக்கிறதா? கைக்குழந்தையைப் புகையில் வைத்துக்கொண்டு சமைக்காமல் இருக்க யார் உதவலாம்?

4. குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதையும், அறுத்த வயலில் தாளைக் கொளுத்துவதையும் நிறுத்த நாமே முதலில் முடிவு செய்யலாமா?

5. பக்கத்து ஆலை, செங்கல் சூளை புகை விடுகிறதா? எந்த நாள், எந்த நேரம், யார் வீட்டில் என்ன பாதிப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதியோடு எழுதின நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள். "புகை வருது"ன்னு சொன்னா கேட்டுட்டு விட்டுடுவாங்க. மூணு மாசக் கணக்கை எடுத்து வச்சா பதில் சொல்லித்தான் ஆகணும்.

அந்த வடாம் அக்காவின் குழுவில் இந்த நோட்டை ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு பக்கத்தில் ஆலைப் புகை வந்த நாட்கள். எதிர்ப் பக்கத்தில் உறுப்பினர் வீடுகளில் விறகு எரித்த நாட்கள். இரண்டையும் எழுதணும் என்று சொன்னதே அந்த அக்காதான். "எங்க பக்கத்தையும் எழுதிட்டுப் போனாத்தான் அவங்க பக்கத்தைக் கேக்க முடியும்"னு சொன்னாங்க. இவ்வளவு நேரம் நாங்க சுத்தி வளைச்சுப் பேசினதை அவங்க ஒரே வரியில சொல்லிட்டாங்க.